பின்னறையில் தையல் சத்தம்

மார்ச் 4

அக்காவுக்கு,

உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். போனில் பேசினால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். அதனால் கடிதம். ஒரே ஒரு கேள்விதான். அதற்கு மட்டும் பதில் எழுது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று எழுதிப் பக்கத்தை நிரப்பாதே.

அவளுடைய தையல் மிஷின் இப்போது எங்கே இருக்கிறது?

உன் வீட்டில் இருக்கிறதா, விற்றுவிட்டாயா? இல்லை, எனக்குத் தெரியாமல் இந்தக் கட்டடத்திலேயே யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டாயா? நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து வண்டி வைத்து ஏற்றிப் போனவள், அதையும் செய்திருப்பாய்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் துருவித் துருவிக் கேட்பாய். பின்னறையில் அது ஓடுகிறது.

தடித்த துணி என்றால் அவள் அவசரப்படாமல் மிதிப்பாளே, ஒரே சீராக, சுக், சுக், சுக் என்று. அந்தச் சத்தம். சாயங்காலம் வேலை விட்டு வந்து கட்டிலில் சாய்ந்தால் தொடங்குகிறது. விடுமுறை நாளில் மதியமும் கேட்கிறது. எழுந்து பின்னறைக்குப் போனால் அங்கேயும் கேட்கிறது, ஆனால் எந்தப் பக்கமிருந்து என்று சொல்ல முடியவில்லை. தரையில் மிஷினின் நான்கு கால்கள் பதிந்த தடம் மட்டும் இருக்கிறது. அதை நான் துடைக்கவில்லை.

உனக்குத் தெரியும், நான் லிஃப்ட் மெக்கானிக். மேலே மோட்டார் முனகுவதைக் கீழே நின்று கேட்டே எந்த பேரிங் போயிற்று என்று சொல்கிறவன். இத்தனை வருஷம் என் காதுக்குத்தான் சம்பளம். ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தேன். குழாய்களை மூடினேன். சுவரில் காதை வைத்துக் கேட்டேன். மாடி வீட்டில் ஒரு கிழவர் தனியாக இருக்கிறார், அவரிடம் ஊசிகூடக் கிடையாது. எல்லாம் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மிஷின் எங்கே?

தம்பி


மார்ச் 11

டேய் தம்பி,

ஒன்றரை வருஷம் கழித்து உன் கையெழுத்தைப் பார்க்கிறேன். ஒரு ‘அன்புள்ள’ போட்டால் பேனா மை தீர்ந்துவிடுமா? போகட்டும். எழுதினாயே, அதுவே பெரிது.

மிஷின் இங்கேதான் இருக்கிறது. சன்னலோரம். உன் மாமா அதன்மேல் பழைய பேப்பரை அடுக்கி, அதற்கும் மேலே தன் கண்ணாடியை வைத்துவிட்டு, வீடெல்லாம் கண்ணாடியைத் தேடுகிறார். விற்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. என் தலைமேல் சத்தியம்.

உன் கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். "எலியா இருக்கும்" என்றார். அவருக்கு எல்லாமே எலிதான். நான் அதற்குப் பிறகு மிஷின் பக்கம் போய், பேப்பரையெல்லாம் இறக்கிவிட்டு, சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். சும்மாதான் இருந்தது. பிறகு எனக்கே பயமாகிவிட்டது, பேப்பரைத் திரும்ப அடுக்கிவிட்டேன். சிரிக்காதே. உன் பெண்டாட்டியைப் பற்றி இப்படி ஒரு செய்தி வந்தால் வேறு என்ன செய்வேன்? நான்கு நாள் காய்ச்சலில் போனவள். ஆசுபத்திரிக்குப் போகும்போதும் ஊசியில் நூல் கோத்தபடி வைத்துவிட்டுப் போனவள். அப்படிப் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று நான் சொல்லவில்லை. வரமாட்டார்கள் என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதை ஏன் எடுத்துப் போனேன் என்று உனக்குத் தெரியும். நீ சோறு தண்ணி இல்லாமல் அந்த முக்காலியில் உட்கார்ந்து மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாய். "என் வாசப்படி மிதிக்காத" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. மன்னிப்பும் கேட்கப் போவதில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. பிடரி வலிக்கிறதா? காலையில் எழுந்தால் தலை கனமாக இருக்கிறதா? அப்பாவுக்கு அப்படித்தான் இருந்தது. எனக்கும் இருந்தது, பிரஷர் என்று தெரிவதற்கு முன்னால். சில பேருக்கு எதுவுமே தெரியாதாம், அதுதான் மோசம். ஒரு தடவை போய்ப் பார்த்துவிடேன். காசா பணமா, கையை நீட்டினால் போதும்.

அன்புள்ள (பார், நான் போட்டுவிட்டேன்)
அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

பார்த்தாயிற்று. நீ சொன்னதற்காகப் போகவில்லை. லிஃப்ட் கூண்டின் மேலே நின்று கம்பிவடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கண் இருட்டியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டான். "டாக்டர் சீட்டு வாங்கிட்டு வந்தாத்தான் இனிமே மேல ஏத்துவேன்" என்று சொல்லிவிட்டான். என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

டாக்டரம்மாவும் சின்னப் பெண்தான். நான் மாடிப்படி ஏறிப் போய் உட்கார்ந்ததும் சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றச் சொல்லிக் கையை நீட்டினேன். "அவசரமே இல்ல, அப்படியே உக்காருங்க" என்றாள். சட்டையைக் கழற்றச் சொன்னாள். முதுகைச் சாய்க்கணும், கால் மேல் கால் போடக்கூடாது, பாதம் தரையில் படணும், கை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு இருக்கணும், பேசக்கூடாது. ஐந்து நிமிஷம் சும்மா உட்காருவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. பிறகு பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மற்ற கையிலும் பார்த்தாள். நூற்றெழுபத்திரண்டு, கீழே நூற்றைந்து. ஒரு நாளை வைத்துச் சொல்லமாட்டேன் என்று மறுநாளும் வரச்சொன்னாள். மறுநாளும் அதே கதைதான்.

மாத்திரை கொடுத்திருக்கிறாள். அது பாதி வேலைதான் செய்யுமாம், மீதியை நான் செய்யணுமாம். உப்பு, ஊறுகாய், பாக்கெட் தீனி, சிகரெட், சனிக்கிழமை சாயங்காலத்து பாட்டில், எல்லாவற்றுக்கும் தடை. நடக்கணும். இடுப்பு குறையணும். தூங்கணும். "மனசு லேசா இருக்கணும்" என்றும் சொன்னாள். அதற்கு எந்தக் கடையில் மருந்து விற்கிறது என்று கேட்டேன். சிரித்தாள்.

தையல் சத்தத்தைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லப் போவதில்லை. உனக்கு மட்டும் சொன்னேன், நீயும் மாமாவிடம் வாசித்துக் காட்டிவிட்டாய்.

முன்பு அது எனக்குப் பயமாக இருந்தது. இப்போது இல்லை. நேற்று லிஃப்ட் நின்றுபோய் நான் படியேறி வந்தேன். எங்கள் கட்டடத்திலேயே, என் வேலையைப் பார், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மூச்சு வாங்க வந்து கட்டிலில் விழுந்தேன். அவள் படபடவென்று வேகமாக மிதித்தாள். நான் நேரம் கழித்து வந்தால் அவள் அப்படித்தான். கோபத்தை மிஷினிடம் காட்டுவாள். கொஞ்ச நேரத்தில் தணிந்து பழையபடி மெதுவாக வந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு.

தம்பி


ஏப்ரல் 10

அன்புள்ள தம்பி,

நம்பரைப் படித்ததும் எனக்கு நம்பர் ஏறிவிட்டது. மாமா உன் கடிதத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு "முதல்ல நீ உக்காரு" என்றார்.

உப்பைப் பற்றி நான் சொல்வதைக் கேள், நான் பட்டவள். சமையலில் போடுகிற உப்பை மட்டும் குறைத்துவிட்டு, பாக்கெட் சூப்பையும் வறுத்த தீனியையும் தின்றுகொண்டிருந்தால் ஒரு பலனும் இல்லை. நான் அப்படித்தான் ஆறு மாதம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். கடை ரொட்டியில்கூட உப்பு இருக்கிறது, தெரியுமா? பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பான், கண்ணாடி போட்டுக்கொண்டு படி. ஊறுகாய் பாட்டிலை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடு, வீட்டில் இருந்தால் கை போகும். முதல் வாரம் எல்லாம் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கும். எலுமிச்சை பிழி, மிளகு போடு, பூண்டு போடு. ஒரு மாதத்தில் நாக்கு வழிக்கு வந்துவிடும். பிறகு வெளியே சாப்பிட்டால் "இதென்ன கடல் தண்ணியா?" என்று கேட்பாய்.

நடக்கும்போது வேகமாக நட, ஆனால் பேசுகிற அளவுக்கு மூச்சு இருக்கணும். நான் மாமாவோடு நடக்கிறேன். பேச்சை அவர் பார்த்துக்கொள்கிறார்.

இனி எழுதப் போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ மாடி ஏறி வந்தால் அவள் ஏன்டா வேகமாகத் தைக்கணும்?

நீ மெக்கானிக். எனக்குத் தோன்றியது உனக்குத் தோன்றாமலா இருக்கும்? அடுத்த தடவை அந்தச் சத்தம் கேட்கும்போது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் பார். அவ்வளவுதான் சொல்வேன். இதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தாலும் நீ வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுவாய்.

அக்கா


மே 28

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதம் என்று திட்டாதே. நீ சொன்னதையெல்லாம் செய்துகொண்டிருந்தேன். காலையில் வேலைக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கிறேன். நான் லிஃப்ட் மெக்கானிக், படி ஏறுவதைப் பார்த்து வாட்ச்மேன் "சார், லிஃப்ட் ரிப்பேரா?" என்று தினமும் கேட்கிறான். சிகரெட்டை விட்டேன். பாட்டிலையும் விட்டேன். நாக்கு வழிக்கு வரவில்லை, ஆனால் சண்டை போடுவதை நிறுத்திவிட்டது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. வீட்டிலேயே பார்க்கிற கருவி வாங்கினேன். போன வாரம் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "நூத்தி முப்பத்தாறுக்கு எண்பத்தாறு! இன்னும் கொஞ்சம்தான் சார்!" என்று கை தட்டினாள். நிஜமாகவே தட்டினாள், வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேலே ஏறச் சீட்டும் எழுதிக் கொடுத்தாள்.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அக்கா, சத்தம் தேய்ந்துகொண்டே வருகிறது. முன்பு கட்டிலில் சாய்ந்தாலே கேட்கும். இப்போது வலது காதைத் தலையணையில் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அப்போதுகூடத் தூரத்தில், மூன்று கதவுக்கு அந்தப் பக்கம் ஓடுகிற மாதிரி. நேற்று மதியம் முழுக்கக் காத்திருந்தேன். இரண்டு தடவை வந்தது.

விரலை வைத்துப் பார்த்தேன். நீ எழுதிய அன்றைக்கே பார்த்தேன். ஒத்துப் போகிறது, ஒரு தையல்கூட விலகவில்லை. சரி, அதனால் என்ன? அவளுக்கு இருந்தது ஒரே ஒரு மிஷின். அதை நீ தூக்கிக்கொண்டு போய்விட்டாய். பாவம், வேறு எங்கே போய்த் தைப்பாள்? என்மேல் உட்கார்ந்து தைக்கிறாள்.

ஒவ்வொரு நாளும் உப்பில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கும்போது, நானே அவளைக் கையைப் பிடித்து வெளியே அனுப்பிவைக்கிற மாதிரி இருக்கிறது.

தம்பி


ஜூன் 3

அன்புள்ள தம்பி,

நீ எழுதியதைப் படித்துவிட்டு மிஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். மாமா இரண்டு தடவை "என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவருக்குப் படித்துக் காட்டவில்லை, உன் மேல் ஆணை.

உன்னிடம் சண்டைக்கு வரவில்லை. ஒன்று மட்டும் செய். அந்தச் சத்தத்தை டாக்டரம்மாவிடம் சொல். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டாம், மிஷினைப் பற்றியும் சொல்ல வேண்டாம். "காதுல நாடி மாதிரி அடிக்குது" என்று மட்டும் சொல். எங்கேயாவது ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தாலும் அப்படிக் கேட்குமாம், இங்கே நர்ஸ் ஒருத்தியிடம் கேட்டேன்.

நாம் இருவரும் மிச்சம், தம்பி. உனக்கு நான், எனக்கு நீ.

அக்கா


ஜூன் 22

அக்காவுக்கு,

பதினைந்து நாள் முழு அமைதி. அப்படி ஒரு அமைதியை நீ கேட்டிருக்க மாட்டாய். வீட்டில் ஒவ்வொரு சாமானும் நான் எப்போது வெளியே போவேன் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது. டாக்டரம்மாவிடம் போகவேண்டிய நாளில் போகவில்லை.

விட்டுவிட்டேன். மாத்திரை, நடை, எல்லாம். எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்த ஊறுகாயைத் திரும்பக் கேட்க வெட்கமாக இருந்தது, புதிதாக வாங்கினேன். கருவாடு வாங்கினேன். பாட்டிலும் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டாள். முதலில் மெதுவாக, பிறகு நன்றாகக் கேட்டது. "வந்துட்டியா?" என்று கேட்டேன்.

பயப்படாதே, நான் தெளிவாகத்தான் இருக்கிறேன். இங்கே புறப்பட்டு வராதே. வந்தால் கதவைத் திறக்கமாட்டேன்.

தம்பி


ஜூன் 27

அட படுபாவி,

உனக்கு மூளை இருக்கிறதா இல்லையா? கருவாடாம், பாட்டிலாம்! வந்துட்டியா என்று கேட்டானாம்! நீ என் முன்னால் இருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன், வயதாவது மண்ணாவது.

அப்பா போனதை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. நீ விடுதியில் இருந்தாய். நான்தான் பரிமாறினேன். வாயில் வைத்துப் பார்க்காமலே உப்பைத் தூவுவார், நினைவிருக்கிறதா? அன்றைக்கும் தூவினார். "நாளைக்குக் காலைல" என்று தொடங்கினார். அவ்வளவுதான். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நாளைக்குக் காலையில் என்ன? சந்தைக்குப் போகணுமா, பல் டாக்டரிடம் போகணுமா, என்னை எங்கேயாவது கூட்டிப் போவதாக இருந்தாரா? இந்த வயதிலும் பாத்திரம் தேய்க்கும்போது அந்த வாக்கியத்தை முடித்துப் பார்க்கிறேன். ஒன்றும் பொருந்தவில்லை. உனக்கு மட்டும்தான் வீட்டில் சத்தம் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா?

அப்பா கொடுத்துவைத்தவர், ஒரு மணி நேரத்தில் போய்விட்டார். எல்லோரும் அப்படிப் போவதில்லை. எங்கள் தெரு தபால்காரர் நான்கு வருஷம் படுக்கையில் கிடந்தார். நல்ல நினைவுதான், சிரிப்பார், சாப்பிடுவார். ஆனால் தன் மனைவியைப் பார்த்து "இந்தம்மா யாரு?" என்று கேட்பார். அந்த அம்மா ஒவ்வொரு நாளும் பதில் சொன்னாள். அவளைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்றுதானே நீ இதைச் செய்கிறாய்? அவள் யார் என்பதே உன் தலையிலிருந்து அழிந்துபோனால் என்னடா செய்வாய்? அவள் முகம், அவள் பேச்சு, நீங்கள் இருவரும் போட்ட சண்டை, எல்லாம் ஒரு நொடியில் போய்விடும். அப்போது அந்தச் சத்தம் கேட்டால் நீயும் என் வீட்டுக்காரர் மாதிரி எலி என்றுதான் சொல்வாய்.

மிஷினை அனுப்புகிறேன். மாமா கூடவே வருகிறார், அவருக்காவது கதவைத் திற. அதை எடுத்துப் போனது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அவள் தைத்தே ஆகணும் என்றால் அதன்மேல் தைக்கட்டும். உன் மூளை நரம்பின்மேல் உட்கார்ந்து தைக்க வேண்டாம்.

ஒரு நிபந்தனை. மிஷின் முன்னால் உட்காருவதற்கு முன் மாமாவை எதிரில் வைத்துக்கொண்டு பிரஷர் பார். டாக்டரம்மா சொன்ன மாதிரி, காலை ஊன்றி, வாயை மூடி. மாமாவையும் வாயை மூடச் சொல்.

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்கா,

மாமா வந்தார். மிஷினைப் படுக்கவைக்காமல் வழி முழுக்க வண்டியில் பக்கத்திலேயே உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான்கு கால்களும் பழைய தடத்தில் சரியாக உட்கார்ந்தன.

நீ சொன்னபடி முதலில் பிரஷர் பார்த்தோம். நம்பரை எழுதமாட்டேன். மாமா பார்த்துவிட்டு, "இந்த நம்பரோட நான் இருந்தா உங்கக்கா என்னைக் கட்டிலோட சேத்துக் கட்டியிருப்பா" என்றார். பிறகு பேசவே இல்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. மாமா எப்படியும் சொல்லிவிடுவார், நானே சொல்கிறேன். போன மாதக் கடைசியில் மேலே வேலை செய்யும்போது இடது கை மரத்துப்போய் ஸ்பேனர் நழுவி லிஃப்ட் குழிக்குள் விழுந்தது. ஒன்பது மாடி ஆழம். கீழே என்னோடு வேலை செய்கிறவன் அப்போதுதான் டீ குடிக்க நகர்ந்திருந்தான். கை சிறிது நேரத்தில் சரியாகிவிட்டது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவன் மட்டும் கீழேயிருந்து "அண்ணே, உயிரோட இருக்கேன்!" என்று கத்திச் சிரித்தான்.

இப்போது மிஷினுக்கு வருகிறேன். எண்ணெய் விட்டு, வாரை மாட்டி, முக்காலியில் உட்கார்ந்து மிதித்தேன். சக்கரம் பின்பக்கம் சுற்றி நூல் சிக்கிக்கொண்டது. மறுபடி மிதித்தேன். ஓடியது.

அக்கா, அந்தச் சத்தமே இல்லை.

வேறு சத்தம். கடகடவென்று, இரும்பு இரும்போடு பேசுகிற சத்தம், நடுவில் மிதிபலகை ஒரு கிறீச். நான் கேட்டுக்கொண்டிருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அது போகட்டும், பழகினால் காது மாற்றிக் கேட்கும் என்று வைத்துக்கொள். என்னை அடித்துப்போட்டது வேறு. மிதித்துக்கொண்டே இருந்தபோது அவள் எப்படித் தைப்பாள் என்பது திடீரென்று முழுதாக ஞாபகம் வந்தது. அவள் நிறுத்தி நிறுத்தித்தான் தைப்பாள்! ஒரு சாண் ஓட்டுவாள், நிறுத்துவாள். "ஏங்க, தண்ணி வந்துருச்சா பாருங்க." மறுபடி ஒரு சாண். "நான் சொல்றது காதுல விழுதா?" நூல் அறுந்தால் நூலைத் திட்டுவாள், ஊசி ஒடிந்தால் என்னைத் திட்டுவாள். எங்கள் கல்யாணத்திலிருந்து ஒரு நாள்கூட அவள் பேசாமல் ஒரு முழம் தைத்ததில்லை.

இத்தனை மாதமாக நான் கேட்டது ஒரு தடவையும் நிற்கவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதை எப்படி அவள் என்று நம்பினேன்? நான் காதுக்குச் சம்பளம் வாங்குகிறவன். அவள் பேச்சை மறக்கத் தொடங்கியதால்தான் அந்தச் சத்தம் அவள் மாதிரி இருந்திருக்கிறது.

மாமா பின்னால் நின்றார். தோளில் கையை வைத்தார். மறுநாள் காலையில் என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். கை மரத்ததைச் சொன்னதும் அவள் கை தட்டவில்லை. திட்டினாள். உடனே தலையிலும் கழுத்திலும் ஸ்கேன் எடுக்கவைத்தாள். ரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டிருக்கிறதாம், நல்லவேளையாகத் தானே சரியாகியிருக்கிறது. அது எச்சரிக்கையாம், அன்றைக்கே ஆசுபத்திரிக்கு ஓடி வந்திருக்கணுமாம். காதில் அடிப்பதையும் சொன்னேன். என் ரத்தம் போகிற சத்தம்தான் என்றாள். மாத்திரை, நடை, உப்பு, எல்லாம் முதலிலிருந்து. மேலே ஏறக் கொடுத்த சீட்டையும் நிறுத்திவிட்டாள். கீழே அறையில் உட்கார்ந்து மோட்டார் கழற்றுகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பி,

மாமா வந்து சேர்ந்தார். ஸ்பேனர் கதையை நான் ஏற்கெனவே படித்துவிட்டேன் என்று தெரியாமல், அதை என்னிடமிருந்து மறைக்க அவர் பட்ட பாடு இருக்கிறதே! ஒரு வாரம் வானிலை பற்றியே பேசினார்.

என்ன சாப்பிட்டாய் என்று எழுது. எவ்வளவு தூரம் நடந்தாய் என்று எழுது. பொய் எழுதினால் கையெழுத்தில் எனக்குத் தெரியும். மாத்திரையை நீயாக நிறுத்தாதே, நம்பர் நன்றாக இருந்தாலும் நிறுத்தாதே. அது நன்றாக இருப்பதே அதனால்தான்.

அவள் "காதுல விழுதா?" என்று கேட்பாள் என்று எழுதியிருந்தாயே. அந்த வரியில் அவள் குரல் எனக்கு அப்படியே கேட்டது. என்னிடமும் அப்படித்தான் கேட்பாள், போனில். நான் பாதிப் பேச்சில் மாமாவைத் திட்டப் போய்விடுவேன்.

நான் வரட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. வாசப்படி உன்னுடையது.

அக்கா


செப்டம்பர் 9

அன்புள்ள அக்கா,

நம்பர் நூற்றிருபத்தெட்டு, கீழே எண்பது. மூன்று வாரமாக அங்கேயே நிற்கிறது. பொய் இல்லை. காலையில் நடக்கிறேன், பழம் தின்கிறேன், வாட்ச்மேனுக்கு இப்போது நான் ஏறிப் போவது பழகிவிட்டது. டாக்டரம்மா சீட்டு கொடுத்துவிட்டாள், திங்கட்கிழமையிலிருந்து மேலே போகிறேன். அதைச் சொல்ல எழுதவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வந்து கட்டிலில் சாய்ந்தேன். வலது காதைத் தலையணையில் வைத்தேன். மூச்சைப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. தேய்ந்த சத்தம்கூட இல்லை. எழுந்து பின்னறைக்குப் போனேன். மிஷின் இருந்தது. முக்காலி இருந்தது. யாரும் இல்லை, அக்கா. அறை முழுக்க யாரும் இல்லை.

அவள் போனபோது நான் அழவில்லை. வண்டிக்குச் சொன்னேன், ஆசுபத்திரிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். நீதான் விழுந்து அழுதாய். இந்தப் பொம்பள ஏன் இப்படிக் கத்துகிறாள், அவள் உள்ளே தைத்துக்கொண்டுதானே இருக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக. பிறகு நீ மிஷினை எடுத்துப் போனாய், நான் சத்தத்தை வைத்துக்கொண்டேன். ஒரு நாள்கூட அவள் இல்லாமல் இந்த வீட்டில் இருந்ததில்லை.

வியாழக்கிழமைதான் அவள் செத்துப்போனாள்.

எல்லோரும் வந்துபோய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இப்போது யாருக்குப் போய்ச் சொல்வேன்? யார் நம்புவார்கள்? முக்காலியில் உட்கார்ந்து தனியாக அழுதுகொண்டிருக்கிறேன். நாற்காலி எடுத்துப் போடக்கூட ஆள் இல்லை.

நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு வா. துக்கத்துக்கு வருகிற மாதிரி வா, அக்கா. கதவு திறந்துதான் இருக்கிறது.

தம்பி